நம்ம ஊர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

"சார், மதுரைக்கு வரலாறு இருக்கு, தஞ்சாவூருக்கு இருக்கு. நம்ம தேவாரத்துக்கு என்ன இருக்கு?" வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். நம்ம ஊரைப் பற்றி அரசாங்கம் இருநூறு வருடங்களுக்கு மேலாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த எழுத்து எங்கெங்கே கிடக்கிறது, அதில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்பதுதான் நமக்குத் தெரியாது. தெரியாததால் நமக்கு நஷ்டமும் வந்திருக்கிறது, இனியும் வரலாம். அதனால்தான் இந்தப் பதிவு.

கல்லிலும் செம்பிலும் இருந்து தொடங்குகிறேன்.

1886-ல் மதராஸ் அரசாங்கம் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞரைக் கல்வெட்டு ஆய்வாளராக நியமித்தது. ஊர் ஊராகப் போய்க் கோவில் சுவர்களில் மைப்படி எடுத்து, படித்து, ஆண்டறிக்கையாக அச்சிடும் வேலை அப்போது தொடங்கியது. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' என்ற தொகுதிகள் அதிலிருந்து வந்தவைதான். அவற்றின் மூன்றாவது தொகுதியில் நம்ம பக்கத்து ஊர் இருக்கிறது. சின்னமனூர்ச் செப்பேடுகள். ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டு, இராசசிம்ம பாண்டியன் காலம். பாண்டியர்கள் மதுரையில் சங்கம் வைத்ததையும், மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் சொல்லும் செப்பேடு அது. தமிழ்நாட்டு வரலாற்றுப் புத்தகம் எதை எடுத்தாலும் அந்தச் செய்தி இருக்கும். அது பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் போய்விடுகிற ஊரில் கிடைத்தது என்பது நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னும் பழையது ஒன்று. 2006-ல் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினர், நம்ம மாவட்டத்து ஆண்டிபட்டிப் பக்கம் வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். தமிழி எழுத்தில் பெயர் பொறித்த நடுகற்கள். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அதில் ஒன்று, கூடலூரில் நடந்த மாடுபிடிச் சண்டையில் செத்துப்போன ஒருவருக்காக நட்டது. ராஜா இல்லை, மந்திரி இல்லை. மாட்டுக்காகச் சண்டை போட்டு விழுந்த ஒரு ஆள். அவர் பெயரை யாரோ ஒரு கல்லில் வெட்டி வைத்ததால் இரண்டாயிரம் வருடம் தாண்டி நாம் அவரைப் பற்றிப் பேசுகிறோம்.

அடுத்தது பாளையக் காலம். நம்ம அடிவாரம் முழுக்கப் பாளையங்களும் பின்னால் ஜமீன்களுமாக இருந்த பூமி. போடி, தேவாரம், கோம்பை, எரசை, கண்டமனூர் என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். 1792-ல் திப்பு சுல்தானோடு செய்த உடன்படிக்கைக்குப் பிறகு திண்டுக்கல் சீமை கம்பெனி கைக்குப் போனது. புதிதாக வந்தவனுக்கு யார் யாருக்கு எந்த நிலம், எவ்வளவு கிஸ்தி என்று தெரிய வேண்டும். அதற்காக அளந்தார்கள், விசாரித்தார்கள், எழுதினார்கள்.

அந்தக் காலத்தில் காலின் மெக்கன்சி என்ற சர்வே அதிகாரி இருந்தார். 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். நிலம் அளக்கப் போன இடமெல்லாம் ஊர்க்கதை, வம்சாவளி, ஓலைச்சுவடி, கல்வெட்டுப் படி என்று சேகரித்தார். உண்மையில் சேகரித்தவர்கள் அவரிடம் வேலை பார்த்த நம்ம நாட்டு ஆட்கள்தான். காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா ஆகியோரும் அவர்களுக்குக் கீழே பல மொழி தெரிந்த ஆட்களும் ஊர் ஊராகப் போய், பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள். 1821-ல் மெக்கன்சி இறந்த பிறகு அவர் சேகரிப்பைக் கம்பெனி 1 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. ஒரு பகுதி லண்டனுக்குப் போனது. ஒரு பகுதி சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. பாளையப்பட்டுகளின் வம்சாவளிகள் அதிலிருந்துதான் பிற்காலத்தில் அச்சுக்கு வந்தன.

வம்சாவளியைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். எழுதச் சொன்னவன் புதிய எஜமான். சொன்னவர் தன் பாளையம் நிலைக்க வேண்டுமே என்ற கவலையில் இருந்தவர். அதனால் முன்னோர் பெருமை கூடுதலாகவே இருக்கும். அதற்காகத் தள்ளிவிடக் கூடாது, அப்படியே நம்பிவிடவும் கூடாது. வகுப்பில் நான் சொன்னது நினைவிருக்கும்: எந்தச் சான்றைப் பார்த்தாலும், எழுதியவர் யார், எழுதச் சொன்னவர் யார், எதற்காக என்ற மூன்று கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இதே மூன்று கேள்வியை அடுத்து வந்த புத்தகங்களிடமும் கேட்கலாம். 1868-ல் ஜே. எச். நெல்சன் என்ற அதிகாரி அரசாங்கத்துக்காக மதுரை நாட்டைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். 1906-ல் டபிள்யூ. பிரான்சிஸ் மதுரை மாவட்ட கெசட்டியரை எழுதினார். சுதந்திரத்துக்குப் பிறகு, ஆவணக் காப்பகத்தின் தலைவராக இருந்த பி. எஸ். பாலிகா திரும்ப எழுதி, மதுரைத் தொகுதி 1960-ல் வந்தது. தேனி மாவட்டம் அப்போது கிடையாது. நம்ம பள்ளத்தாக்கு முழுவதும் மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 1906 புத்தகத்தில் நம்ம ஊரைத் தேடுகிறவர்கள் பெரியகுளம் தாலுகாவுக்குள் தேட வேண்டும்.

இந்த மூன்று நூலிலும் மழை எவ்வளவு, தீர்வை எவ்வளவு, என்ன பயிர், எந்த ஜாதி, எந்தக் கோவில் என்று எல்லாம் இருக்கும். கலெக்டர் ஒருவர் புதிதாக மாற்றலாகி வந்தால் அவருக்கு என்னென்ன தெரிய வேண்டுமோ அதெல்லாம் இருக்கும். மலைக்கு மூட்டை சுமந்து ஏறியவர் என்ன சாப்பிட்டார், எங்கே இரவு தங்கினார் என்பது கலெக்டருக்குத் தேவையில்லை. அதனால் அது இருக்காது.

இப்போது காகிதம் எப்படி அழிகிறது என்று சொல்கிறேன். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் நம்ம பிள்ளைகளுக்கு இது தெரிந்த கதை.

சென்னை எழும்பூரில் சிவப்புக் கட்டடத்தில் இருப்பது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909-ல் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸாக அங்கே அமைந்தது. 1973-ல் இப்போதைய பெயர் வந்தது. 1670 முதலான ஆவணங்கள் அங்கே உண்டு. இந்தியாவிலேயே பெரிய காப்பகங்களில் ஒன்று. ஆனால் அலுவலகத்தில் எழுதும் எல்லாக் காகிதமும் அங்கே போவதில்லை. ஒரு கோப்பு முடிந்ததும் அதற்கு முடிவு போடுவார்கள். ஓ.மு. என்றால் ஓராண்டு வைத்திருந்து அழிக்கலாம். மூ.மு. என்றால் மூன்றாண்டு. ப.மு. என்றால் பத்தாண்டு. நி.மு. என்றால் நிரந்தரம். எல்லாவற்றையும் வைத்திருக்க எந்த அரசாங்கத்திடமும் இடம் கிடையாது. அந்த ஏற்பாடு நியாயமானதுதான்.

ஆனால் எதற்கு எந்த முடிவு விழுகிறது என்று பாருங்கள். வரி, நிலம், எல்லை, ஒப்பந்தம் என்றால் நிரந்தரம். ஊர் ஜனங்கள் கையெழுத்தும் கைநாட்டும் போட்டுக் கொடுத்த மனு என்றால் பெரும்பாலும் குறைந்த ஆயுள்தான். சாக்குலூத்து மெட்டுக்கு ரோடு போட வேண்டும் என்று நம்ம ஊர் எத்தனை தலைமுறையாகக் கேட்கிறது! ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்கிறோம். நம்ம தாத்தாமார் கொடுத்த மனுக்களின் நகல் யார் வீட்டிலாவது இருக்கிறதா? அலுவலகத்தில் தேடினால், முடிவுக்காலம் கழிந்து அழிக்கப்பட்டது என்று பதில் வரலாம். அவர்கள் விதிப்படிதான் செய்திருப்பார்கள். நகல் வைத்திருக்க வேண்டியது நம்ம பொறுப்பு.

சரி, மலைக்குப் போவோம். நம்ம ஊர் வீட்டுக்கு வீடு மலையோடு தொடர்பு உள்ளது. தோட்டம் வைத்திருப்பவர், கணக்குப் பார்ப்பவர், காய் எடுக்கப் போகிறவர், வியாபாரம் செய்பவர் என்று ஏதோ ஒரு வகையில். ஆனால் மலைக்காகிதம் சென்னையில் இல்லை. ஏலமலை திருவிதாங்கூர் மகாராஜா சமஸ்தானம். அதனால் அதன் பழைய காகிதமெல்லாம் திருவனந்தபுரத்தில்.

1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்ட்கள் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களை அளந்து விரிவான குறிப்பு எழுதினார்கள். அதே வார்டுதான் மதுரை, திண்டுக்கல் சீமைகளையும் அளந்து எழுதியவர். மலைக்கு மேலும் கீழுமாக இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் கண்ணால் பார்த்து எழுதியது அரிது. அதற்குப் பிறகு மேற்குப் பக்கத்தை எழுதியவர்கள் கிழக்கே எட்டிப் பார்க்கவில்லை, கிழக்குப் பக்கத்தை எழுதியவர்கள் மேலே ஏறவில்லை. திருவிதாங்கூர் அரசு 1906-ல் நாகமய்யாவைக் கொண்டும், 1940-ல் வேலுப்பிள்ளையைக் கொண்டும் சமஸ்தான வரலாற்றை எழுதி அச்சிட்டது. நம்ம ஜனங்களுடைய ஏலத் தோட்டக் கதையில் பாதி அந்தப் புத்தகங்களில்தான் தேட வேண்டும்.

ஏலக்காய் அப்போது சமஸ்தானத்தின் ஏகபோகம். விளைவித்தவர் இஷ்டத்துக்கு விற்க முடியாது. காயைச் சர்க்கார் பண்டகசாலையில் கொடுத்துவிட்டு, தனக்குரிய பங்கைப் பணமாக வாங்கிக்கொள்ள வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலை ஏறிப் பயிர் செய்தவர்கள் அந்த முறையில் வெகுகாலம் இருந்தார்கள். 1896-ல் ஏகபோகத்தை விட்டு நிலவரி முறைக்கு மாறினார்கள். அடுத்த வருடம், 1897 ஆகஸ்ட் 24-ல், ஏலமலைக் காப்புப் பகுதி பற்றி ஓர் அறிவிப்பு வந்தது.

அந்த அறிவிப்பை ஊன்றிக் கவனியுங்கள். காப்புப் பகுதி 15,720 ஏக்கர் என்று ஒரு தரப்பு சொல்கிறது. இல்லை, 2,15,720 ஏக்கர் என்று இன்னொரு தரப்பு. முன்னால் ஒரு '2' இருந்ததா இல்லையா என்பதுதான் தகராறு. அந்த ஒரு எண்ணுக்குள் ஏறத்தாழ 2 லட்சம் ஏக்கர் இருக்கிறது. மரம் வனத்துறைக்கு, நிலம் வருவாய்த் துறைக்கு என்று ஏற்கெனவே இரட்டை ஆட்சி நடக்கும் பூமி. அது காடா, வருவாய் நிலமா, பட்டா கொடுக்கலாமா கூடாதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. காடு காக்கப்பட வேண்டும் என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது, நாலு தலைமுறையாகப் பயிர் செய்கிறவர்களிடமும் இருக்கிறது. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் ஒரு காகிதத்தில் இருந்த ஒரு எண், 21ஆம் நூற்றாண்டில் நம்ம ஊர்க் குடும்பங்களின் வாழ்க்கையைத் தொடுகிறது பாருங்கள். 'பழைய குப்பை' என்று நாம் சொல்லும் பொருளின் பலம் அது.

இன்னொரு காகிதம் நமக்குச் சாதகமாக நின்றது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே எழுதிய பெரியாறு குத்தகைப் பத்திரம். 999 வருடம், 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய். பென்னிகுவிக் கட்டிய அணை 1895-ல் முடிந்தது. 1970-ல் துணை ஒப்பந்தம் எழுதி, ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. அந்தப் பழைய பத்திரம் இப்போது செல்லாது என்று கேரளம் வாதாடியது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று சொன்னது. 18ஆம் கால்வாயில் தண்ணீர் வரும்போது பென்னிகுவிக்கை நினைக்கிறோம், சரிதான். அந்தப் பத்திரத்தையும் அதன் வரைபடங்களையும் கடிதங்களையும் கறையான் அரிக்காமல் காத்துவந்த பெயர் தெரியாத ரெக்கார்டு கிளார்க்குகளையும் ஒரு நிமிடம் நினைக்கலாம்.

இப்போது ஊர்க் கணக்குக்கு வருவோம். சர்க்காருக்கு நேரடியாக வரி கட்டிய ஊர்களில் செட்டில்மெண்ட் பதிவேடு 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வரிசையாக இருக்கும். ஜமீன் ஊர்களில் அப்படி இல்லை. கணக்கு ஜமீன் கச்சேரியில் இருந்தது. 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் சர்க்கார் அளந்து, செட்டில்மெண்ட் செய்து, பட்டா கொடுத்தது. அதனால் ஜமீன் ஊர்க்காரர்கள் பூர்வீகத்தை நிரூபிக்கப் போனால் அதற்கு முந்திய காலம் மங்கிப்போய் நிற்கும். அந்த நேரத்தில் ஜமீன் முத்திரை போட்ட ஒரு பழைய கிஸ்தி ரசீது கிடைத்தால் அதுதான் வழிகாட்டி.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பரம்பரைக் கர்ணம், மணியகாரர் பதவிகள் அவசரச் சட்டத்தால் ஒழிந்தன. பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். சில குடும்பங்களே தலைமுறை தலைமுறையாகக் கணக்கைக் கையில் வைத்திருந்த முறை போனது, நல்லதுதான். ஆனால் கர்ணம் வீட்டுப் பரணில் இருந்த பழைய அடங்கல், சிட்டா, தண்டல் கணக்கு எல்லாமே அலுவலகத்துக்கு வந்துசேர்ந்ததா? தமிழ்நாடு முழுக்க அது ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1979 முதல் 1987 வரை நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். இன்றைக்குப் பட்டாவில் பெயர் மாறிப்போச்சு என்று தாலுகா ஆபீஸில் நிற்பவர்களில் பலருடைய பிரச்சினை அந்தத் திட்டத்தின்போது நடந்த பதிவில் இருக்கும். அதற்கு முந்திய காகிதம் கையில் இருப்பவருக்கு வழி உண்டு. இல்லாதவர் அலைய வேண்டியதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் நிலம், வரி, தண்ணீர், எல்லை. நிலம் இல்லாதவர்கள் எங்கே எழுதப்பட்டார்கள்?

சிலர் மோசமான முறையில் எழுதப்பட்டார்கள். குற்றப்பரம்பரைச் சட்டம் நம்ம பகுதிப் பிரமலைக் கள்ளர் சமூகத்தின் மேல் விழுந்தபோது, ஆண்களின் பெயரும் கைரேகையும் பதிவேட்டில் ஏறின. 1920 ஏப்ரல் 3-ல் உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிர் விட்டார்கள். 1947-ல் மதராஸ் மாகாணத்தில் அந்தச் சட்டம் ரத்தானது. அந்த ஜனங்களை அவமானப்படுத்த எழுதிய கோப்புகள்தான், பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்த அநியாயத்தை நிரூபிக்கவும் உதவின. எழுதியவன் நோக்கம் கெட்டதாக இருந்தாலும் காகிதம் பிழைத்திருந்தால் ஒருநாள் உண்மை பேசும்.

இன்னும் சிலர் எழுதப்படவே இல்லை. விடியுமுன் ஜீப் ஏறி மலைக்குப் போய், குனிந்து காய் எடுத்து, பொழுது சாய இறங்கி வரும் பெண்கள். நம்ம அக்கா, தங்கச்சி, அத்தை, மதினிமார். ஜீப் வருவதற்கு முந்திய காலத்தில் நடந்தே ஏறி, வாரக்கணக்கில் தங்கியவர்கள். இவர்களைப் பற்றி எந்த கெசட்டியரில் இருக்கிறது? 'கூலியாட்கள் கீழ்நாட்டிலிருந்து வருகிறார்கள்' என்ற அளவில் ஒரு வரி இருந்தால் அதிகம்.

ஆனால் ஒரு அரசாங்கப் புத்தகத்தில் அவர்கள் குடும்பத்தின் பெயர் இருக்கிறது. பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு. பிள்ளை பெயர், தகப்பன் பெயர், தொழில், பிறந்த தேதி, குடியிருப்பு, சேர்ந்த நாள், நின்ற நாள், நின்ற காரணம். பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் 5 வயது என்று அந்தக் காலத்து வாத்தியார்கள் போட்ட தேதி அது. அதனால்தான் உங்கள் அப்பாமார் பாதிப் பேருக்கு ஜூன் மாதத்தில் பிறந்தநாள் வருகிறது! மற்றபடி அது பொன்னான ஆவணம். எந்தத் தெருவிலிருந்து எந்த வருடம் முதல் பெண் பிள்ளை பள்ளிக்கு வந்தாள், காய் எடுக்கும் பருவத்தில் எத்தனை பேர் நின்றார்கள், பஞ்ச காலத்தில் எத்தனை பேர் திரும்பி வரவே இல்லை என்பதெல்லாம் அதில் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், மழை ஒழுகும் அறையில் அந்தப் பழைய பதிவேடுகள் ஓரம் கரைந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஓரத்தில்தான் வரிசை எண்ணும் சேர்ந்த தேதியும் இருக்கும். பெயர் மிஞ்சி, காலம் போய்விட்டது.

இப்போது அரசாங்கம் என்ன செய்கிறது? நல்ல வேலை நடக்கிறது. ஆவணக் காப்பகத்தில் கணினிமயமாக்கம் நடக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின் நூலகத்தில் பழைய நூல்களையும் சுவடிகளையும் வீட்டிலிருந்தே படிக்கலாம். மத்திய அரசு 2003-ல் தேசியச் சுவடிகள் இயக்கம் தொடங்கியது. இந்து சமய அறநிலையத் துறை கோவில்களில் கிடக்கும் ஓலைச்சுவடிகளைத் தேடிச் சுத்தம் செய்து பட்டியலிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, ஒவ்வொரு பஞ்சாயத்தும் வளர்ச்சி அறிக்கை எழுதியது. அதில் உள்ளூர் வரலாற்றுக்கும் ஒரு பகுதி வைத்தார்கள். ஊர்க்காரர்களே கூடி, பெரியவர்களிடம் கேட்டு எழுதினார்கள். நம்ம பக்கமும் அப்படி ஒன்று வந்தால் நன்றாக இருக்கும்.

ஆனால் ஓலையையும் செப்பேட்டையும் தேடி வருகிற அதிகாரி, உங்கள் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறக்க மாட்டார். அதை நீங்கள்தான் திறக்க வேண்டும். அதனால் நான் கேட்பது இவ்வளவுதான்.

முதலில், எடைக்குப் போடாதீர்கள். கிரயப் பத்திரத்தை எல்லோரும் வைத்திருப்பீர்கள். தீர்வை ரசீது, தோட்டக் குத்தகைச் சீட்டு, கூலிக் கணக்கு நோட்டு, ஏலக்காய் விற்ற பட்டியல், கடைப் பேரேடு, பழைய மனு நகல் இவற்றையும் வையுங்கள். முக்கியமாக மொய் நோட்டு. 1950-லோ 60-லோ நடந்த ஒரு கல்யாண மொய் நோட்டில் எந்தெந்த ஊரோடு நமக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தது, யார் யார் உயிரோடு இருந்தார்கள், அன்றைக்கு ஒரு ரூபாயின் மதிப்பு என்ன என்று எல்லாம் இருக்கும். எந்த கெசட்டியரிலும் அது கிடையாது.

இரண்டாவது, லேமினேஷன் செய்யாதீர்கள், பசை டேப் ஒட்டாதீர்கள். பழைய காகிதத்தை இரண்டும் கெடுத்துவிடும். உலர்ந்த இடத்தில், துணியில் சுற்றி வையுங்கள். வேப்பிலையைக் காயவைத்துப் போடலாம். நல்ல வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். அசலை யார் கேட்டாலும், நானே கேட்டாலும், கொடுக்காதீர்கள். படம் போதும்.

மூன்றாவது, பழைய போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள். அடுத்த தலைமுறைக்கு அந்த முகம் யாரென்று தெரியாது.

நான்காவது, வீட்டில் 75 வயதுக்கு மேலே யாராவது இருந்தால், போனில் பதிவு செய்து கேளுங்கள். பொதுவாக 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று கேட்டால் 'நல்லா இருந்துச்சு' என்றுதான் பதில் வரும். எந்த மெட்டு வழியாக ஏறினீர்கள், எத்தனை மணி நேரம், வழியில் தண்ணீர் எங்கே, சுமை எத்தனை படி, கூலி எவ்வளவு, யார் கையால் வாங்கினீர்கள், பிள்ளையை யாரிடம் விட்டுப் போனீர்கள் என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். மடை திறந்தது போல வரும்.

ஐந்தாவது, பேரூராட்சி, பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றில் வேலை பார்க்கும் நம்ம பிள்ளைகளுக்கு. உங்கள் அலுவலகத்தின் பழைய தீர்மானப் புத்தகமும் சேர்க்கைப் பதிவேடும் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். அழிக்கும் பட்டியலில் கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். உயரமான தட்டில் மாற்றி வைப்பதே பெரிய தொண்டு.

நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். யார் வீட்டில் என்ன காகிதம் இருக்கிறது, எந்த வருடத்தது என்ற பட்டியல் மட்டும். சொத்து விவரமோ தொகையோ எழுத மாட்டேன். கமெண்டில் போட வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள். இரண்டு வருடத்தில் பட்டியல் ஓரளவு சேர்ந்துவிடும். அதற்கு மூன்று பிரதி எடுத்து, ஒன்றை நம்ம ஊர் நூலகத்திலும், ஒன்றைப் பள்ளியிலும், ஒன்றை உங்களில் ஒருவரிடமும் கொடுத்துவிட எண்ணம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அடுத்த முறை பொங்கலுக்கு வரும்போது பரண் ஏறிப் பாருங்கள். தூசிக்கு மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
தேவாரம்.